ஹார்னுக்காக ஒரு டிகோடர்: சவுண்ட்டிராக்ஸ் சுனாமி2

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் துராங்கோ நகரிலிருந்து இயங்கும் சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் சுனாமி2 டிகோடரை, அதாவது மாதிரி ரயில் எஞ்சினுக்குள் இருந்து அதன் ஓட்டத்தையும் ஒலியையும் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுப் பலகையை, ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) டீசல் எஞ்சின்களுக்கான ஒலித்தொகுப்புடன் வாங்கி, ஹெச்.ஓ. (1:87) அளவிலான மாதிரி எஞ்சின் ஒன்றில், அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக்கின் பி42இல், பொருத்தி நான்கு மாதங்களாக ஓட்டிவருகிறேன். மோட்டார் கட்டுப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதைப்பற்றி மேலும் எழுதப்போவதும் இல்லை. நான் இதை வாங்கியது ஹார்னுக்காக. எனவே மதிப்பீடும் அதைப்பற்றியதே.

டிகோடரின் நடத்தையைத் தீர்மானிப்பவை சி.வி. எனப்படும் எண்ணிட்ட நினைவிடங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பை எழுதலாம். சுனாமி2இல் எந்த ஹார்ன் என்பதைத் தேர்ந்தெடுப்பது சி.வி. 120, மொத்த ஒலியளவு 128, ஹார்னின் ஒலியளவு 129, மணியோசைக்கு 130, எஞ்சின் உறுமலுக்கு 131. இந்த எளிமையே இதன் பெரிய பலம் என்பேன். ஈ.எஸ்.யூ. நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடரில் மொத்த ஒலியளவை சி.வி. 63 மூலம் நேரடியாக மாற்றலாம் என்றாலும், ஹார்னை மட்டும் தனியே குறைக்க வேண்டுமானால் முதலில் 31, 32 ஆகிய இரண்டையும் எழுதிச் சரியான பக்கத்தைத் திறந்துகொண்ட பிறகே உரிய எண்ணைத் தொட முடியும். அதற்கு மாறாக, லோக்சவுண்டில் லோக்புரோகிராமர் என்ற கருவி இருந்தால் ஒலித்தொகுப்பையே புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். சுனாமி2இல் தொழிற்சாலையில் ஏற்றப்பட்ட ஹார்ன்களுக்குள்தான் தேர்வு.

அசல் பி42 எஞ்சின்களின் கூரைமேல் இருப்பது நேத்தன் நிறுவனத்தின் கே5எல்ஏ என்ற ஐந்து குழல் ஹார்ன். மேற்கத்திய இசையின் டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், பி, அதற்குமேல் மீண்டும் டி ஷார்ப் என்று பியானோக் கட்டைகளில் தேடிப் பிடிக்கத்தக்க ஒரு முழுச் சுருதிக்கூட்டு அது. அதன் அடிக்குழல் ஏறத்தாழ 311 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சிக்கல் இங்கேதான். பதினொன்றுக்குப் பதினைந்து மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்பீக்கரால் அந்த அடிச்சுரத்தை உருப்படியாக எழுப்ப முடிவதில்லை. மேற்குழல்கள் மட்டும் கீச்சிட, ஐந்து குழல் ஹார்ன் மூன்று குழல் ஹார்னைப்போலக் கேட்கிறது. உடனே கை சி.வி. 129ஐ உயர்த்தத்தான் போகும். நானும் அப்படியே செய்து, கரகரப்பை மட்டும் சம்பாதித்தேன்.

தீர்வு கிடைத்தது வேறிடத்தில். எஞ்சின் கூட்டைக் கழற்றி, ஸ்பீக்கரின் பின்புறப் பெட்டியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, கம்பிகள் வெளியேறும் மூலையில் தாள் நுழையுமளவு இடைவெளி இருந்தது. அதைப் பசையால் அடைத்து, ஓர் இரவு காயவிட்டு, எந்த எண்ணையும் மாற்றாமல் மறுபடி ஹார்னை அழுத்தினேன், கீழ்ச்சுரம் திரும்பியிருந்தது. அதன் பிறகுதான் 131ஐ 40க்கு இறக்கி, 129ஐ 90இல் நிறுத்தினேன். எஞ்சின் உறுமல் அடங்கினால் ஹார்ன் தானாகவே முன்னே வந்து நிற்கிறது. எஞ்சியிருந்த கூர்மையைத் தணிக்க இந்த டிகோடரில் ஏழு பட்டைச் சமனி (ஈக்வலைசர்) ஒன்றும் உண்டு. மேல் பட்டைகளைச் சற்றே குறைத்தது போதுமானதாக இருந்தது.

மாற்றங்களை வண்டி ஓடும் முதன்மைத் தடத்தில் வைத்தே எழுதுவது நல்லது. எழுதிய கணமே வேறுபாடு காதில் விழும். தனி நிரலாக்கத் தடத்தில் மின்னோட்டம் குறைவு என்பதால், ஒலி டிகோடர்களைப் படிக்கச் சில கட்டுப்பாட்டு நிலையங்கள் திணறும். ஆனால் முதன்மைத் தடத்தில் எழுதும்போது விரல் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 129 என்று அழுத்த வேண்டிய இடத்தில் 29 என்று அழுத்தி, அதில் 90ஐ எழுதிவிட்டேன். 29 என்பது எஞ்சினை அழைக்கும் எண்ணான முகவரி நீளமானதா குறுகியதா என்பதை முடிவுசெய்யும் நினைவிடம். 145 என்ற முகவரியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அதற்குப் பிறகு கூப்பிட்ட குரலுக்கு அசையவில்லை. டிகோடர் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். தொழிற்சாலையில் இட்ட குறுகிய முகவரியான 3இல் அழைத்தபோது விழித்துக்கொண்டது. 29இல் 38ஐ எழுதியதும் பழைய முகவரி திரும்பியது.

ஊதும் முறைக்கு வருவோம். கைக்கருவியில் எஃப்2 பொத்தான் நீண்ட ஹார்ன், எஃப்3 குறுகிய ஹார்ன். சில கைக்கருவிகளில் எஃப்2 அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அழுத்தியிருக்கும்வரை மட்டும் ஒலிக்குமாறு அதை மாற்றிக்கொள்ளாவிட்டால் ஹார்ன் ஓலமிட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2005 முதல் நடப்பிலுள்ள கூட்டாட்சி விதிப்படி, பொதுச் சாலைக் கடவைக்கு 15 முதல் 20 வினாடிகளுக்கு முன்பே நெடில், நெடில், குறில், நெடில் என்று ஊதத் தொடங்க வேண்டும். மணிக்கு 60 மைல் வேகத்தில் 15 வினாடி என்பது 1:87 அளவில் நான்கரை மீட்டருக்கும் அதிகமான தூரம். தடம் அமைத்த என் பலகையின் மொத்த நீளமே இரண்டரை மீட்டர். ஆகவே விதியை மதிக்க வேண்டுமானால் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். நான் நெடில்களைச் சுருக்கிக்கொண்டேன்.

இதே வரிசையில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன எஞ்சின்களுக்கான ஒலித்தொகுப்பும் வருகிறது. நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினில் இருந்ததும் ஆல்கோ 251 வகை இயந்திரமே என்பதால், அந்தத் தடதடப்பில் வளர்ந்தவர்களுக்குச் சபலம் வரலாம். உறுமல் பழகியதாக இருக்கும். ஹார்ன்களோ அமெரிக்கத் தடங்களுக்குரியவை. ஊர் ஹார்ன்தான் வேண்டும் என்பவர்கள் ஒலியை ஏற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிகோடரையே பார்க்கலாம். அமெரிக்க வண்டிகளை ஓட்டுபவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்; கூடவே நன்றாக மூடிய பெட்டியுள்ள ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும்.