பள்ளி விழாவுக்கு சேலத்தில் ஷீல்டு செய்தோம்: பெயருக்கு முழு மார்க், மெடலுக்கு இல்லை

ஏற்காட்டு மலைமேல் இருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இந்த வருஷம் பாராட்டு விழா வைக்கிற அளவுக்கு விஷயம் சேர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் நாலு பிள்ளைகள் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் வெற்றி, கலைத் திருவிழாவில் கிராமிய நடனக் குழு வட்டாரத்தைத் தாண்டி மாவட்டம் வரை போய்விட்டு வந்தது, சிலம்பத்தில் ஆறாவது படிக்கும் ஒரு குட்டிப் பொண்ணு பரிசு வாங்கியது, இன்னும் சில. ஷீல்டும் மெடலும் வாங்கும் வேலை பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் என் தலையில் விழுந்தது. வாங்கிய கடை சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரம், முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரு சந்தில். குறையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் போடவில்லை.

என்எம்எம்எஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: எட்டாம் வகுப்பில் எழுதுவது, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. காபித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டுக்கு இது சின்னப் பணம் இல்லை. ஆனால் பாருங்கள், எங்களுடையது எட்டாவதோடு முடிகிற பள்ளி. படிக்க வைத்தது இங்கே, பணம் வர ஆரம்பிக்கும்போது பிள்ளை வேறு பள்ளியில் இருக்கும். இங்கிருந்து அது கையில் எடுத்துப் போவது டிசியும் இந்த ஷீல்டும்தான். அதனால்தான் ஷீல்டு விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்.

போன வருஷம் வேறொரு கடையில் வாங்கியது மரத்தூள் பலகையில் தங்கக் கலர் ஸ்டிக்கர் ஒட்டிய ரகம். மேடையில் பளபளவென்று இருந்தது, மழைக்காலத்தில் மலைமேல் பனிமூட்டம் இறங்கியதும் பலகை ஓரமெல்லாம் உப்பிப் போய் ஸ்டிக்கர் கழன்றது. கீழே சேலம் வெயிலில் அது பத்து வருஷம் நிற்கலாம், நம்ம ஈரத்துக்குத் தாங்காது. இந்தக் கடையில் ஊர் எது என்று கேட்டுவிட்டு அவர்களாகவே "ஏற்காடா, அப்ப எம்டிஎஃப் வேணாங்கண்ணா, அக்ரிலிக்ல போயிருங்க" என்றார்கள். எம்டிஎஃப் என்றால் அந்த மரத்தூள் பலகைதான், அக்ரிலிக் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக். விலை கொஞ்சம் கூட, ஆறு இஞ்ச் ஒன்று 300-ஐ ஒட்டி வந்தது. எழுத்தை அக்ரிலிக்கின் பின்பக்கம் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பிப் போட்டு லேசரில் செதுக்குகிறார்கள், முன்னாலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். கைபடும் பக்கம் வழவழப்பு, எழுத்தில் தூசி ஏறாது, கழன்று விழ ஸ்டிக்கரும் இல்லை.

இப்போது பெயர். இந்தக் கடைக்கு நான் நட்சத்திரம் கொடுப்பது இதற்குத்தான். போனில் அடித்த தமிழை எடுத்து டிசைன் செய்கிற பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினால் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், ஸ்ரீ இரண்டாக உடையும், சில இடத்தில் வெறும் கட்டம் வரும். அவசரத்தில் யாரும் கவனிக்காமல் அப்படியே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் கௌ-வில் தொடங்கும் பெயருள்ள பிள்ளை ஒன்று இருக்கிறது, பல கடைகளில் கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள், பேனரில் அது தெரியாது, ஷீல்டில் பெரிதாக வெட்டும்போது தனியாகத் தள்ளி நிற்கும். இங்கே டிசைன் பண்ணும் அக்கா, பட்டியலை டீச்சர் எழுதி அனுப்ப வேண்டாம், பிள்ளைகளையே நோட்டில் பெயர் எழுதச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். அப்படியே அனுப்பினோம். அதையும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் பதிவு) பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு பெயர் ஒத்துப்போகவில்லை, டீச்சரும் பெற்றோரும் பேசி எது சரியென்று முடிவானது. அதன்பிறகு ஒவ்வொரு ஷீல்டுக்கும் வாட்ஸப்பில் மாதிரி வந்தது, நாங்கள் ஓகே சொன்ன பிறகுதான் லேசர். முன்னெழுத்தையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று 2021-லேயே அரசாணை வந்தும் பரிசுக் கடைகளில் இன்னும் "எஸ்." தான். சிவசாமி மகளுக்கு "சி." போட்டுக் கொடுத்தது இங்கேதான் பார்த்தேன், நான் கேட்கக்கூட இல்லை.

இன்னொன்று, தேர்வின் முழுத் தமிழ்ப் பெயரைப் போட்டால் ஆறு இஞ்ச் ஷீல்டில் முக்கால்வாசியை அதுவே தின்றுவிடும், பிள்ளை பெயர் எறும்பு சைஸில் வரும். அக்கா அதைச் சுருக்கிக் கீழே ஒற்றை வரியாக்கி, பெயரை நடுவில் பெரிதாக வைத்துவிட்டார். அன்பளிப்பு கொடுத்தவர் பெயருக்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். எங்களுக்குப் பாதிப் பணம் கொடுத்த ஒருவர் தன் பெயரும் போட்டோவும் ஷீல்டில் வர வேண்டும் என்றார். "அதைப் பெட்டி மேல போட்டுறலாங்கண்ணா, ஷீல்டு பாப்பாவோடது" என்று அந்த அக்கா சொன்னதை நான் அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் சுருங்கியது, விழாவுக்கு வந்துவிட்டார், சரி.

குறைகளுக்கு வருகிறேன். மெடல் வேண்டவே வேண்டாம். நடனக் குழுவுக்கு ஆளுக்கொன்று வாங்கினோம், ரிப்பனையும் மெடலையும் இணைக்கும் வளையம் அவ்வளவு மெல்லிசு, மேடையை விட்டு இறங்குவதற்குள் சிலருடையது விழுந்துவிட்டது, ஒரு பையன் அழுதே விட்டான். கேட்டதற்கு "ஹோல்சேல்ல வர்றதுங்க, நாங்க செய்யறதில்ல" என்ற பதில். அவர்கள் செய்யாவிட்டால் என்ன, விற்பது அவர்கள்தானே? கப்பும் அப்படித்தான், மேலே முலாம், உள்ளே பிளாஸ்டிக், நிற்பதற்கு அடியில் ஒரு கனம். விலையைப் பேசும்போது வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை, பில் கேட்டதும் அது தனி என்றார்கள். குழுக் கணக்கில் வைக்க பில் இல்லாமல் முடியாது, ஆகவே முதலிலேயே பில்லோடு சேர்த்து விலை கேளுங்கள். சொன்ன தேதியும் தள்ளிப் போனது. மார்ச், ஏப்ரலில் எல்லாப் பள்ளியும் ஆண்டு விழா வைப்பதால் அங்கே நிற்க இடமில்லை, அது புரிகிறது, ஆனால் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்.

பேக்கிங் நன்றாக இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸில் வந்தும் ஒன்றுகூட விரியவில்லை. அக்ரிலிக் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை விழா அன்று காலையில் உரியுங்கள், முன்னாடியே உரித்தால் கீறல் விழும், அதைவிட மோசம் மேடையில் தலைமையாசிரியர் நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பது.

சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கும் ஒரு ஷீல்டு செய்தோம், கடைசி நேரத்தில் சொன்னதால் அதற்கு மாதிரி பார்க்கக்கூட நேரமில்லை, ஆனாலும் பெயர் சரியாகவே வந்தது. கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். தோட்டத்தில் கூலி போகாமலிருக்க விழாவைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்தது நல்லதாகப் போனது, வேலை முடிந்த கையோடு வந்து நின்றவர்கள் நிறைய.

அடுத்த வருஷமும் ஷீல்டுக்கு இங்கேதான் போவேன். மெடலுக்கு வேறு கடை, வளையத்தை இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். ஐந்துக்கு மூன்றரை. நீங்கள் போவதானால் பிப்ரவரி கடைசியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், மதியத்துக்கு முன் போனால் அந்த அக்கா இருப்பார், அவரிடமே பேசுங்கள், கல்லாவில் இருப்பவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.