மாடியில் டபிள்யூபிசி டெக் போடப் போகிறீர்களா? பலகைக்கு அடியில் என்ன வைக்கிறார்கள் என்று நின்று பாருங்கள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் மொட்டை மாடி டெக்கிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி, ஒரு முனையைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தார் பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்யும் தம்பி. பலகைக்குள் நீளவாக்கில் ஓடும் துளைகளின் மறுமுனையிலிருந்து சேறு கலந்த தண்ணீர் கோடு கோடாக ஒழுகியது. பின்னாலேயே எறும்புக் கூட்டம். மழை விட்டு நான்கு நாளாகியிருந்தது. "அக்கா, ஓரத்துல ஒரு இடத்துலகூட மூடி போடலையே" என்றார். கீழே எங்கள் படுக்கையறைக் கூரையில் பதினைந்து நாளாக ஓதம் பரவிக்கொண்டிருந்ததற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது.

சென்னையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போய் உட்காருவதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பழக்கம். தட்டோடு பதித்த பழைய மாடி, பாசி பிடித்து வழுக்குகிறது. 12-க்கு 18 அடி இடத்தில் டெக் போட்டால் பயமில்லாமல் நடப்பார் என்று நினைத்தேன். மரம் வேண்டாம், கரையான் வரும் என்று டபிள்யூபிசி பக்கம் போனேன். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிக் கலந்து அச்சில் இழுத்துச் செய்யும் பலகை அது.

டெக் போட்டுத் தருபவர் ஒருவரைக் கூப்பிட்டேன், நன்றாகப் பேசினார். ஒரு சாம்பிள் துண்டைக் கையில் கொடுத்தார், நல்ல கனம். "மேடம், வெயிலுக்கும் ஒண்ணும் ஆகாது, மழைக்கும் ஒண்ணும் ஆகாது. மெயின்டெனன்ஸே கிடையாது" என்றார். செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார். தண்ணீர்த் தொட்டியில் ஒரு பலகையைப் பல நாள் ஊறப்போட்டு எடுக்கிறார்கள், அது அப்படியே இருக்கிறது. அந்த வீடியோவில் இருந்தது கதவுக்கும் கிச்சன் அலமாரிக்கும் போடும் பிவிசி ஃபோம் ஷீட் என்று பின்னால்தான் புரிந்தது. நம் ஊர்க் கடைகளில் அதையும் டபிள்யூபிசி என்றுதான் சொல்கிறார்கள். டெக் பலகையில் பாதிக்குப் பாதி மரத்தூள் இருக்கும். பலகையைச் சுற்றி அடர்த்தியான மேல்தோல் இல்லாவிட்டால் அது ஈரத்தை இழுக்கும். இரண்டும் ஒன்றல்ல. யாராவது வீடியோ காட்டினால் அது எந்தப் பலகை என்று கேளுங்கள்.

சதுர அடி 390 ரூபாய், அடியில் வரும் ஃப்ரேம், பலகையை அதில் பிடித்து நிறுத்தும் கிளிப், கூலி எல்லாம் சேர்த்து. 216 சதுர அடிக்கு 84,240. அட்வான்ஸ் 50,000 ரொக்கமாகக் கொடுத்தேன். பலகை வந்து இறங்கியதும் 25,000 வங்கி மூலம் அனுப்பினேன். பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி என்றார், சரி வேண்டாம் என்றேன். இதை எழுதும்போது வயிறு எரிகிறது. கொட்டேஷன் என்று வாட்ஸ்அப்பில் ஒற்றை வரிதான் அனுப்பினார். அதில் "டபிள்யூபிசி டெக், காபி கலர்" என்று இருந்தது. எந்த வகைப் பலகை, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், ஃப்ரேம் எதில், கிளிப் எதில், எதுவும் இல்லை.

வேலை ஜனவரியில் நடந்தது. நான் அலுவலகம் போய்விட்டேன், அப்பாவால் மாடியில் நின்று பார்க்க முடியாது. இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

மே மாதம் கத்திரி வெயிலில் முதல் கோளாறு. நடுவில் இரண்டு பலகைகள் முட்டும் இடம் கூடாரம்போல் எழும்பி நின்றது. அம்மாவின் கால் கட்டைவிரல் அதில் இடித்து நகம் பெயர்ந்தது. போன் செய்தால், "வெயில் ஜாஸ்தி மேடம், தானா உக்காந்துடும்" என்றார்.

தானாக உட்காராது. இந்தப் பலகை சூட்டில் நீளத்துக்கு விரியும். 2.9 மீட்டர் பலகை ஒன்று ஜனவரிக் காலையிலிருந்து மே மதியத்துக்குள் 40 டிகிரி சூடு ஏறினால் நான்கைந்து மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் முனைக்கு முனை இடைவெளி விடச் சொல்கிறார்கள். குளிர்ந்த நேரத்தில் போட்டால் இன்னும் தாராளமாக விட வேண்டும். சுவரோரத்திலும் விட வேண்டும். எங்கள் வீட்டில் முனையோடு முனையை ஒட்டவைத்து, சுவரோடும் நெருக்கி அடித்திருந்தார்கள். பார்க்க இடுக்கே இல்லாமல் இருந்ததால், எவ்வளவு சுத்தமான வேலை என்று நான்தான் அன்றைக்குப் பாராட்டினேன்.

ஆளை அனுப்பி எழும்பிய முனையை மட்டும் வெட்டிவிட்டுப் போனார். ஆறு மாதத்திலேயே நிறம் வெளுத்துவிட்டது என்றதும், பாலிஷ் போட்டால் சரியாகும் என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பளபளவென்று எதையோ பூசினார்கள். இரண்டு மாதத்தில் அது செதில் செதிலாக உரிந்தது. பிளாஸ்டிக் கலந்த பலகையில் வார்னிஷ் ஊறாது, மேலேயே நின்று உரிந்துவிடும். இந்தப் பணத்தை யாரும் கொடுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும், அதுவும் பலகையின் கோடு போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். இடுக்கில் சேரும் இலைதழையை மாதம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். மெயின்டெனன்ஸே இல்லை என்று சொல்பவர் இந்த இரண்டையும்கூடச் சொல்வதில்லை. துளசி மாடத்தில் அம்மா தினமும் ஏற்றும் விளக்கின் நல்லெண்ணெய் சொட்டிய இடம் கறுத்து அப்படியே நிற்கிறது, எதைப் போட்டாலும் போகவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் கூரையில் ஓதம் தெரிந்தது. முதலில் ஒரு தட்டு அளவு, பிறகு மின்விசிறிக் கொக்கிவரை. அப்புறம்தான் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவர் வரிசையாக ஐந்து பலகைகளைக் கழற்றினார். கீழே ஃப்ரேமுக்கு மெல்லிய இரும்புச் சதுரக் குழாய். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு என்று சொல்லித்தான் போட்டார்கள். பிரைமர்கூட அடிக்காததால் துரு செதிலாக வந்தது, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. குழாய்க்கும் குழாய்க்கும் இரண்டடி தூரம். உள்ளே கூடாக இருக்கும் துளைப் பலகைக்கு 30 செ.மீ., மிஞ்சிப்போனால் 40 செ.மீ. இருக்க வேண்டும். நடந்தால் தொய்வதுபோல் இருக்கிறது என்று அப்பா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், வயதானவர் பிரமை என்று நான் விட்டுவிட்டேன். கிளிப் எல்லாம் பிளாஸ்டிக், பாதி உடைந்திருந்தன. அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் வர வேண்டும்.

இதைவிட மோசமான இரண்டு விஷயங்கள் இருந்தன. மாடியின் வாட்டம் மேற்கே மழைநீர்க் குழாயை நோக்கிப் போகிறது. அவர்கள் ஃப்ரேமை அந்த வாட்டத்துக்குக் குறுக்கே, தரையோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு குட்டி அணை. இடையில் வேப்பிலையும் சேறும் அடைத்து, நான்கு நாள் பழைய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. அது போதாதென்று, ஃப்ரேம் அசையாமல் இருக்கத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 42 ஓட்டைகள். தட்டோட்டுக்கும் அதன் கீழுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படுகைக்கும் முப்பது வருடமாக ஒரு சொட்டு இறங்கியதில்லை. அதை ஒரே பகலில் சல்லடை ஆக்கிவிட்டார்கள். மாடியைத் துளைக்காமலே ஃப்ரேமை ஒன்றோடொன்று பிணைத்து, ரப்பர் கட்டைமேல் உட்காரவைக்கலாம். தண்ணீர் ஓட அடியில் வழியும் கிடைக்கும்.

சாம்பிள் துண்டை நான் தூக்கிப்போடவில்லை, துளசித் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். அதை எடுத்து, கழற்றிய பலகையின் பக்கத்தில் வைத்தோம். சாம்பிளின் வெட்டுமுகத்தில் இரண்டு நிறம் தெரிகிறது. உள்ளே பழுப்பு, சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடர்த்தியான மேல்தோல். துளை இல்லை, கெட்டி. எங்கள் தரையில் இருப்பது மேல்தோல் இல்லாத துளைப் பலகை. மேலே நிறம் மட்டும் ஒன்று. விலையில் பாதிதான் வரும் என்றார் தம்பி. ஆகவே பலகை வந்து இறங்கும்போது ஒன்றின் வெட்டுமுகத்தைச் சாம்பிளோடு வைத்து போட்டோ எடுங்கள். பிறகு பணம் அனுப்புங்கள்.

பொருளையே குறை சொல்ல மாட்டேன். என் சித்தி வீட்டு பால்கனியில் மேல்தோல் உள்ள பலகை போட்டு ஐந்து வருடமாகிறது, எண்ணெய்க் கறைகூடத் துடைத்தால் போய்விடுகிறது. மதிய வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அது எந்தப் பலகைக்கும் உண்டு. அடர்நிறமென்றால் சூடு இன்னும் அதிகம், பெரியவர்கள் நடக்கும் இடமென்றால் வெளிர்நிறம் எடுங்கள்.

போட்டவரிடம் படங்களை அனுப்பினேன். "வாரண்டி பலகைக்குத்தான் மேடம், ஃபிட்டிங்குக்கு இல்லை" என்று பதில் வந்தது. பலகை வாரண்டி அட்டையைக் கேட்டேன். அதற்குப் பிறகு என் எண்ணை எடுப்பதில்லை. தயாரிப்பாளர் சொன்ன முறையில் போடாவிட்டால் அந்த வாரண்டியும் செல்லாது என்பதைப் பல கம்பெனிகளின் வழிகாட்டித் தாள்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். வேலை தொடங்கும் முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இடைவெளி எவ்வளவு, ஃப்ரேம் தூரம் எவ்வளவு என்று பார்த்து, அதையே கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். முதல் பலகை ஏறும் முன் ஃப்ரேமைப் போட்டோ எடுங்கள். அன்று ஒருநாள் லீவு போட்டாவது வீட்டில் இருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் வாட்ஸ்அப் செய்திகளும் 25,000 அனுப்பிய வங்கிக் கணக்கும் அந்தச் சாம்பிள் துண்டும்தான் என் கையில் இருக்கும் ஆதாரம்.

மீதிப் பலகைகளையும் ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டோம். கைப்பிடிச் சுவரோரம் அடுக்கிவைத்திருக்கிறது. 42 ஓட்டைகளையும் அடைத்து மேலே வாட்டர்ப்ரூஃபிங் செய்யக் கொத்தனார் 38,000 கேட்கிறார். மழை முழுதாக விட்டு மாடி காய்ந்த பிறகுதான் அவரால் தொடங்க முடியும். அதுவரை அப்பாவுக்கு வாசல் திண்ணையில் நாற்காலி போட்டிருக்கிறேன்.