களப்பு மட்டி: ஓட்டோடு வாங்குவதே சரி

முல்லைத்தீவுப் பக்கம் வீதியோரம் வரும் மட்டி இரண்டு விதம்: ஓட்டோடு கிலோக் கணக்கில் ஒன்று, அவித்து உரித்துப் பொலித்தீன் பையில் கட்டிய சதை மற்றது. உரித்ததில் வேலை மிச்சம், ஆனால் எங்கள் வாக்கு அதற்கில்லை. செத்த மட்டி எத்தனை கலந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தண்ணீரில் ஊறிய சதை சப்பென்றிருக்கும். மண்ணைக் கக்க விடாமல் அவித்திருந்தால் எத்தனை தரம் கழுவினாலும் பல்லில் கடிபடும்.

ஓட்டோடு ஒரு கிலோவில் கால் கிலோச் சதைகூடத் தேறாது. நாலு பேருக்கு இரண்டு கிலோ வேண்டும். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். உயிருள்ளது மூடிக்கொள்ளும், மூடாததை ஒதுக்குங்கள். பூட்டியபடியே கல்லுப்போலப் பாரமாக இருந்தால் உள்ளே சேறுதான். அப்படி ஒன்று சட்டிக்குள் பிளந்தால் முழுக்கறியும் பாழ். பையில் முடிச்சுப் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், மூச்சடைத்துச் செத்துவிடும். ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

பலர் பிழைவிடுவது அடுத்த வேலையில். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் மட்டி ஓட்டை இறுக்கிப் பூட்டிக்கொள்ளும், மண் உள்ளேயே நிற்கும். ஒரு லீற்றருக்கு 30 கிராம் உப்புக் கரைத்து, அகன்ற சட்டியில் மூழ்குமளவு மட்டும் ஊற்றி, துணியால் மூடி நிழலில் 3 மணித்தியாலம் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டிடுக்கால் இரண்டு குழல்களை நீட்டித் தண்ணீர் பீச்சும். அடியில் இட்லித்தட்டு வைத்தால் கக்கிய மண்ணைத் திரும்ப இழுக்காது.

அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, மூடி, பெரிய நெருப்பில் 5 நிமிடம். ஓடு திறந்ததும் இறக்குங்கள், திறக்காததை எறியுங்கள். அவித்த தண்ணீரைத் தெளியவைத்துக் கறிக்கு விடுங்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. பிரட்டலுக்கு வெங்காயம், உள்ளி, ரம்பை தாளித்து, தூளும் பழப்புளியும் கட்டிப்பாலும் வற்றிய பிறகே சதை, அதுவும் 2 நிமிடம். முதலிலேயே போட்டால் றப்பர்தான்.

மாரியில் வெள்ளம் இறங்கும் நாட்களில் நந்திக்கடல் போன்ற களப்புகளின் உவர் குறைந்து மட்டி சாகும். ஊத்தைத் தண்ணீரையும் அதுவே வடித்துக் குடிக்கும். அந்த நாட்களில் வேண்டாம். தண்ணீர் செந்நிறமாகியிருந்தாலும் தொடாதீர்கள், அப்போது மட்டிக்குள் நஞ்சு சேர்ந்திருக்கலாம், அது அவித்தாலும் போகாது.

ஓட்டைக் குப்பையில் போடாதீர்கள். சுட்டு நீற்றினால் வெற்றிலைச் சுண்ணாம்பு. உப்புப்போகக் கழுவி, காயவைத்து, குருணியாக நொறுக்கினால் முட்டைக்கோழிக்கு நல்ல தீன். மாவாக இடிக்க வேண்டாம், கோழி கொத்தாது.