அழுகையை வாசிக்கும் செயலி: ஒரு பிறந்தநாள் பரிசைப் பற்றிய மதிப்புரை

கைக்குழந்தையின் அழுகையைச் சில விநாடிகள் கேட்டுவிட்டு, அது பசியா, தூக்கமா, வயிற்று வலியா, ஏப்பமா, வேறு அசௌகரியமா என்று சொல்லிவிடுவதாக விளம்பரம் செய்யும் கைத்தொலைபேசிச் செயலிகள் இப்போது பல வந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் ஓராண்டுச் சந்தாவை என் அண்ணன் இந்த வருடம் என் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தார். இவ்வகைச் செயலிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில் ஹட்டனை அண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், தகரக் கூரை வீட்டில், நான்கு மாதப் பெண் குழந்தையை வைத்திருக்கும் ஒருத்திக்கு அது எந்த அளவுக்கு உதவியது என்பதே இங்கே பேசப்படுகிறது.

பயன்படுத்துவது எளிதுதான். குழந்தை அழும்போது திரையின் நடுவிலுள்ள பெரிய பொத்தானை அழுத்தித் தொலைபேசியை அருகில் பிடித்தால், ஒலி இணையம் வழியாக எங்கேயோ போய்த் திரும்பி, வண்ண வட்டமாக விடை வருகிறது: பசி இத்தனை வீதம், தூக்கம் இத்தனை வீதம் என்று. கீழே ஆங்கிலத்தில் ஆலோசனைகள் இருக்கின்றன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பொத்தானைத் தொடாமலே அறையில் எழும் அழுகையைக் கண்டறிந்து எச்சரிக்கும் காவல் முறை ஒன்றும் உண்டு. பால் கொடுத்த நேரம், தூங்கிய நேரம், துணி மாற்றிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு ஒன்றும் உண்டு; அதற்குச் சந்தா தேவையில்லை. மலைநாட்டில் வசிப்போருக்கு உடனே தோன்றும் இடையூறு இரண்டு. மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் பக்கத்தில் சிக்னல் விழுந்துவிடும், அதோடு வட்டமும் சுழன்றுகொண்டே நின்றுவிடும். சிக்னல் இருந்தாலும், தென்மேல் பருவக்காற்று காலத்தில் தகரத்தின்மேல் மழை கொட்டும்போது செயலிக்கு மழை மட்டுமே கேட்கிறது.

மழையைவிடக் கடுமையான சோதனை பரிசு கிடைத்த அன்றே நடந்துவிட்டது. என் பிறந்தநாளும் பிராட்பி கேடய றக்பிப் போட்டியின் இரண்டாம் ஆட்டமும் ஒரே சனிக்கிழமையில் வந்திருந்தன. அண்ணன் கொழும்பு றோயல் கல்லூரியில் தமிழ்மொழி மூலம் படித்தவர். என் கணவர் கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். இவ்விரு கல்லூரிகளும் 1920 முதல் ஒன்றோடொன்று றக்பி ஆடி வருகின்றன. அப்போதைய றோயல் அதிபர் இ. எல். பிராட்பி வழங்கிய கேடயத்துக்காக 1945 முதல் மோதுகின்றன. வருடத்துக்கு இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கென்று முடிவாகும். முதல் ஆட்டத்தில் பின்தங்கிய அணி இரண்டாவதில் வென்றால் மட்டும் போதாது, பழைய வித்தியாசத்தையும் ஈடுகட்ட வேண்டும் என்பதால், கடைசி விசில் வரை எங்கள் முன்னறையில் எவரும் நாற்காலியில் ஒழுங்காக உட்காருவதில்லை. கிங்ஸ்வூட் கல்லூரியில் படித்த பெரியப்பா மட்டும் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பி ஆட்டம் 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவத்துக்கும் இடையே 6க்கு 6 என்று சமநிலையில் முடிந்தது என்பதை அவர் ஒவ்வொரு வருடமும் புதுச் செய்தியைப் போலவே சொல்வார். கேக் விஷயத்திலும் சண்டைதான். அண்ணன் நீலமும் பொன்னிறமுமாக ஐசிங் போட்டு வாங்கி வந்திருந்தார். திரித்துவத்தின் நிறங்களில் அவ்விரண்டும் உண்டு, சிவப்பைத்தான் வேண்டுமென்றே விட்டுவிட்டீர்கள் என்று கணவர் குற்றம் சாட்டினார். யாருடைய பிறந்தநாள் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

காவல் முறையை அண்ணன்தான் முடுக்கிவிட்டார். றோயல் ட்ரை ஒன்று வைத்துப் புள்ளி எடுத்ததும் கணவர் போட்ட கூச்சலில் தொலைபேசி அதிர்ந்து, அழுகை கேட்டதாகவும் குழந்தை அசௌகரியமாக இருப்பதாகவும் அறிவித்தது. குழந்தையோ என் மடியில் விரலைச் சூப்பியபடி பேசாமல் இருந்தாள். “அது பிள்ளை இல்ல மச்சான், நீங்கதான். ஆனா ஸ்கோரப் பாத்தா வயித்து வலின்னுல்ல காட்டியிருக்கணும்,” என்றார் அண்ணன். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். பெரியவர் ஒருவரின் கத்தலையும் நான்கு மாதக் குழந்தையின் அழுகையையும் பிரித்தறியாத கருவி, அந்த அழுகைக்குள் ஐந்து வகை காண்பதாகச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேடிக்கையான கேள்வி அன்று.

சற்று நேரத்தில் அவள் உண்மையிலேயே அழுதாள். பொத்தானை அழுத்தினேன், பசி என்று வந்தது. பால் குடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அழுவதற்கு முன் அவள் செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் தொலைக்காட்சிப் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பி என் சட்டைக்குள் புதைத்தாள்; பெரியப்பா விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டபோது அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்; பிறகு புருவத்தின் மேல்பகுதி இலேசாகச் சிவந்தது, முதுகு வில்லாக வளைந்தது, அதன் பின்னரே குரல் வந்தது. பின்னறைக்குத் தூக்கிச் சென்று கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும், பால் இல்லாமலே அடங்கிவிட்டாள். சத்தமும் வெளிச்சமும் முகங்களும் அளவுக்கு மிஞ்சும்போது இவ்வயதுக் குழந்தைகள் பார்வையைத் திருப்பிக்கொள்வது நன்கு அறியப்பட்ட அடையாளம். செயலியிடம் இருப்பது காது மட்டுமே என்பதால் அதில் எதுவும் அதற்குத் தெரிய வழியில்லை.

அது பசியையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இத்தகைய கருவிகள், முன்பே வகைப்படுத்தி வைத்த அழுகைப் பதிவுகளோடு புதிய அழுகையின் ஒலி வடிவத்தை ஒப்பிட்டே விடை தருகின்றன. அப்பதிவுகளுக்குப் பசி, வலி என்று பெயரிட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. அதாவது, நம்மைப் போன்ற ஒருவர் இன்னொரு வீட்டில் செய்த ஊகத்தையே செயலி நமக்கு வீதக்கணக்கில் திருப்பித் தருகிறது. இத்துறையில் பலர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் ‘டொனேட் எ கிரை’ என்ற பொதுத் தொகுப்பின் ஒழுங்குபடுத்திய வடிவத்தில் உள்ள 457 ஒலித்துண்டுகளில் 382 பசி என்று குறிக்கப்பட்டவை. ஏப்பத்துக்கு உரியவை வெறும் 8. எதையும் கேட்காமலே எல்லாவற்றுக்கும் பசி என்று சொல்லும் ஒரு கருவிகூட அத்தொகுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் புள்ளி எடுத்துவிடும். விளம்பரங்களில் துல்லியம் இத்தனை வீதம் என்று போடுவதைப் பார்க்கும் எவரும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. பிரான்சின் செயின்ட் எத்தியென் நகர ஆய்வாளர்கள் 24 குழந்தைகளின் அழுகையை மூன்றரை மாத வயது வரை வீடுகளிலேயே பதிவு செய்து, சுமார் 39,000 அழுகைகளை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அழுகை எந்தக் குழந்தையுடையது என்பதை ஒலியிலிருந்து அறிய முடிந்தது. வயதுக்கு ஏற்ப அது மாறுவதும் தெரிந்தது. ஏன் அழுதது என்பதை மட்டும் கணினியாலும் சொல்ல முடியவில்லை, கேட்ட மனிதர்களாலும் சொல்ல முடியவில்லை. அழுகையின் கடுமை குழந்தை எவ்வளவு வருந்துகிறது என்பதைக் காட்டும், காரணத்தைச் சூழ்நிலைதான் காட்டும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பத்துப் பிள்ளைகள் ஒன்றாக அழுதாலும் தன் பிள்ளையின் குரலைத் தாய் பிரித்தறிவாள் என்று இங்கே சொல்வது சரிதான். அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்திலேயே காரணமும் தெரிந்துவிடும் என்று சேர்த்துச் சொல்வதுதான் மிகை.

என் அத்தை, அதாவது கணவரின் தாயார், தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நெடுங்காலம் வேலை செய்தவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள தொழிலாளிக்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். அந்த முப்பது நிமிடத்தில் குழந்தை தூங்கிப்போயிருந்தாலும், அழுது களைத்துப் பால் பிடிக்க மறுத்தாலும், தாய் பால் கட்டிய மார்போடு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே எந்தப் பிள்ளை எப்போது பசிக்கு விழிக்கும் என்பதை அழுகைக்கு முன்பே கண்டுகொள்வது அவருடைய தொழிலாக இருந்தது. அவர் முதலில் பார்ப்பது கையை. விரல்களை இறுக மூடி வாயருகே கொண்டுபோனால் பசி. வயிறு நிறைய நிறையக் கை தளர்ந்து விரிந்துவிடும். வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்புவது, நாக்கை நீட்டுவது, உதட்டைச் சப்புக்கொட்டுவது எல்லாம் முன்னறிவிப்புகள். கிளினிக்கில் மிட்வைப் அம்மா சொன்னதும் இதுதான்: அழுகை என்பது பசியின் கடைசி அடையாளம், அது வரும்வரை காத்திருந்தால் மார்பைப் பிடிக்க வைப்பது சிரமம். செயலியின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. குழந்தை பலவாறாகச் சொல்லிப் பார்த்துத் தோற்ற பிறகு எழுப்பும் ஒலியிலிருந்துதான் அது தன் வேலையைத் தொடங்குகிறது.

இதனால் பழைய முறைகள் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அதே அத்தைதான் மாலை நேர அழுகைக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது சுகாதாரத் துறையின் தெளிவான அறிவுரை. அந்த விஷயத்தில் நான் கிளினிக்கின் பக்கம். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஓமப் பொட்டலம் அலுமாரியிலேயே இருக்கிறது.

மாலை அழுகையைப் பற்றிச் செயலி நடந்துகொண்ட விதம் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பொதுவாகக் குழந்தைகளின் அழுகை பிறந்து சுமார் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானாகவே குறைந்துவிடும். என் குழந்தையும் அந்தக் கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இந்தச் சந்தா வந்தது. மாத முடிவில், எங்கள் துணையால் உங்கள் குழந்தையின் அழுகை குறைந்திருக்கிறது என்று வாழ்த்தோடு ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். இயல்பாக நடப்பதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது வியாபாரம். ஆனால் ஆறாவது வாரத்தில், இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் முதல் பிள்ளையைப் பெற்ற தாய் ஒருத்தி இதை வாங்கினால், குறையாத அழுகைக்குத் தன் புரியாமைதான் காரணம் என்றல்லவா எண்ணிக்கொள்வாள்?

மருத்துவ விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, எந்த வயதிலும் பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, அழுகை வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்றோ ஈனமாகவோ ஒலித்தாலோ, வண்ண வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். செயலியில் இது ஆலோசனைப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது. நோயுற்று அழும் சக்தியற்றுக் கிடக்கும் குழந்தையைக் காவல் முறை அமைதியாக இருக்கிறது என்றே கணக்கிடும் என்பதை நினைத்தால் எனக்கு அந்த முறையையே இயக்க மனம் வரவில்லை.

நாட்குறிப்பு மட்டும் உண்மையிலேயே பயன்பட்டது. பால் கொடுத்த நேரங்களை ஒரு வாரம் குறித்துவிட்டுப் பார்த்தபோது, மாலையில் அவள் நெருக்கி நெருக்கிப் பால் கேட்பதும், அதன்பின் நீண்ட தூக்கம் போடுவதும் கண்ணுக்குத் தெரிந்தன. கணவருக்கும் அதே கணக்கில் பார்க்கும் வசதி இருந்ததால், “இப்பத்தானே குடிச்சா?” என்ற கேள்வி வீட்டில் குறைந்தது. கிளினிக்குக்குப் போகும்போது வளர்ச்சிப் பதிவேட்டோடு இந்தப் பக்கத்தையும் காட்டினேன். மிட்வைப் அம்மா அதை ஆர்வமாகவே பார்த்தார். நான்கு ரூல் கொப்பியிலும் இதைச் செய்யலாம் என்று அத்தை சொன்னார், அதுவும் உண்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு கையால் கொப்பியில் எழுத முடியாது.

ஆகவே பரிசளிக்க நினைப்போருக்கு: இலவசப் பதிப்பைத் தரவிறக்கி நாட்குறிப்பை மட்டும் பயன்படுத்துவது போதும்; அழுகைக்குப் பொருள் சொல்லும் பகுதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள், வீட்டு ஒலிகள் வெளியே போகாதிருக்க, ஒலிவாங்கிக்கான அனுமதியைத் தொலைபேசி அமைப்புகளில் நீக்கிவிடலாம். நாட்குறிப்பு அது இல்லாமலே இயங்குகிறது. சந்தா டொலரில், தானாகப் புதுப்பிக்கும் முறையில் வசூலிக்கப்படுகிறது என்பதால், அதை நிறுத்தும் பொத்தானையும் அன்றே அழுத்திவிட வேண்டும். அட்டை அண்ணனுடையது என்பதால் எங்கள் வீட்டில் அதை அவரே செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருடத்துக்கு அந்தப் பணத்தில் பிராட்பி ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், றோயல் பக்கத்து இருக்கை என்றால் தான் வரமாட்டேன் என்று கணவர் இப்போதே அறிவித்துவிட்டார்.