குளிர்ந்த செயின்சாவை ஸ்டார்ட் செய்துகாட்டி 6,850 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம் அந்தக் கடைக்குக் கடைசியாகப் போய்விட்டு வந்தேன். ராத்திரி முழுவதும் தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் மரம் முறிப்புக்கும் தென்னை வெட்டுக்கும் செயின்சா (பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள்) வைத்திருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் ஒருவராவது என்னைப்போல 6,850 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு விழிக்காமல் இருக்கட்டும். கடைப்பெயரை எழுதப் போவதில்லை. தோட்டக் கருவிகள் விற்பார்கள், பழுதும் பார்ப்பார்கள். வாசலில் புல்வெட்டும் இயந்திரங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அவ்வளவு போதும்.

என் இயந்திரம் 2017 டிசம்பரில் வாங்கியது. அந்த நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் என்ன செய்தது என்று குமரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. கோடாலியும் கைவாளும் வைத்துக்கொண்டு நானும் சித்தப்பா மகனும் நான்கு நாள் போராடினோம். பிறகுதான் கடன் வாங்கி 18 அங்குல பார் (சங்கிலி ஓடும் தகடு) உள்ள செயின்சா ஒன்றை வாங்கினேன். அன்று முதல் சோறு போடுவது அதுதான். குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் முப்பது நாற்பது மரங்கள் உள்ள சின்னத் தோட்டங்களை முறித்துக் கொடுப்பேன். அறுத்த தடி லாரியில் ஏறிக் கேரளத்தின் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போய்விடும்.

சில மாதங்களாக அதற்கு ஒரு நோய். காலையில் சோக்கை (குளிர்ந்த இயந்திரம் கிளம்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் பிடி) இழுத்துவைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மூன்று இழுப்பு இழுத்தால் சிங்கம்போல எழுந்துவிடும். கால் மணி நேரம் அறுத்துவிட்டு, கொப்பு ஒதுக்கவோ பெட்ரோல் ஊற்றவோ நிறுத்தினால் தொலைந்தது. இருபது இழுப்பு, முப்பது இழுப்பு, தோள்பட்டை கழன்றுவிடும், அசையாது. அரை மணி நேரம் நிழலில் கிடத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல இரண்டாவது இழுப்பில் ஓடும். மரம் முறிப்பவனுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு மரம். நிறுத்தப் பயந்து, ஓடவிட்டபடியே தரையில் வைத்துவிட்டுக் கொப்பு ஒதுக்க ஆரம்பித்தோம். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் அந்தக் கடைக்குப் போனேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முதலாளி என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் வாய்க்கு வாய் "அண்ணே" என்றார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் பேசவே இல்லை. தேநீரும் பழம்பொரியும் வரவழைத்தார். "சூடானால் நின்றுவிடுகிறது என்றால் இரண்டே காரணம் அண்ணே. ஒன்று கார்புரேட்டர், இல்லையென்றால் காயில். இரண்டையும் மாற்றிவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. வைத்துவிட்டுப் போங்கள், வியாழக்கிழமை வாருங்கள்" என்றார். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது, காயில் பிளக்கில் பொறி வரவைப்பது. எத்தனை கடைக்காரர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பேசுகிறார்கள்! இவர் உட்காரவைத்துப் பேசுகிறாரே என்று மனது இளகிப்போய்விட்டது. சோதித்துப் பார்க்காமலேயே இரண்டையும் மாற்றலாம் என்கிறாரே என்று தோன்றியிருக்க வேண்டும். பழம்பொரி வாயில் இருந்தது.

வியாழக்கிழமை போனேன். இயந்திரத்தைப் பளபளவென்று துடைத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். வேலைக்காரப் பையன் சோக்கை இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் செய்தான். இரண்டு முறை உறுமவிட்டு நிறுத்தினான். "பார்த்தீர்களா அண்ணே?" என்றார் முதலாளி. பார்த்தேன். காலையில் என் வீட்டு முற்றத்திலும் அது அப்படித்தான் ஓடும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை!

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் உச்சம். ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே எண்ணெய்க் கறையோடு ஒரு பழைய கார்புரேட்டர், ஒரு பழைய காயில். "கழற்றிய சாமான்களை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் பொருள் உங்களிடமே இருக்கட்டும். நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு?" என்றார். இப்படி ஒரு நேர்மையானவர் நம் ஊரிலா என்று நினைத்துக்கொண்டேன். டைரியில் இருந்து கிழித்த தாளில் கணக்கு எழுதினார். கார்புரேட்டர் 2,900, காயில் 2,650, பிளக் 200, கூலி 1,100. அடியில் இரட்டைக் கோடு போட்டு 6,850. பில் கேட்டேன். "பில் என்றால் வரியும் சேர்ந்துவிடும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். பேரம்கூடப் பேசாமல் 5,000 ரூபாயைப் போனில் அனுப்பினேன், 1,850 ரூபாயைக் கையில் கொடுத்தேன். பையை ஸ்கூட்டர் இருக்கையின் அடியில் போட்டதோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் அருமனைக்கு அந்தப் பக்கம் 42 ரப்பர் மரங்கள். முதல் மரம் சாய்ந்தது. இரண்டாவது மரத்தைத் துண்டு போட்டு முடித்து, பெட்ரோல் ஊற்ற நிறுத்தினேன். அவ்வளவுதான். பழைய கதை. சித்தப்பா மகன் இழுத்தான், நான் இழுத்தேன், தடி ஏற்ற வந்தவர்கள்கூட ஆளுக்கு ஒரு கை பார்த்தார்கள். லாரி வாடகை ஒரு பக்கம், நான்கு பேருக்குக் கூலி ஒரு பக்கம், மேற்கே கறுத்துக்கொண்டு வரும் மழை ஒரு பக்கம். அன்று ஆறு மரங்களோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

தோட்டத்தில் இருந்தே போன் செய்தேன். "பெட்ரோல்தான் அண்ணே. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் இல்லையா? சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துவிடும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், பெட்ரோல் சூட்டில் ஆவியாவதும் நடக்கிற காரியம்தான். நானும் நம்பி, புதிதாகப் பெட்ரோல் வாங்கிக் கலந்தேன். பலன் இல்லை. இரண்டாவது போனுக்கு "எண்ணெய் அதிகமாக ஊற்றுகிறீர்கள்" என்றார். லிட்டருக்கு 20 மில்லி, இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறபடி, டூ ஸ்ட்ரோக் எண்ணெய். அளக்கக் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் மூடி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். "அப்படியானால் குறைவாக ஊற்றுகிறீர்கள்" என்றார்! மூன்றாவது முறை பையன் எடுத்து, முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றான். நான்காவது முறையும் கல்யாணம். அதற்குப் பிறகு என் எண்ணில் இருந்து கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. மனைவியின் போனில் இருந்து கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார். என் குரலைக் கேட்டதும் "சிக்னல் சரியில்லை அண்ணே" என்று வைத்துவிட்டார்.

கடைசியில் மனைவியின் தாய்மாமாதான் வழி காட்டினார். திருவட்டார் பக்கம் வீட்டுத் திண்ணையில் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பவர். பலகைகூட வைத்தது கிடையாது. அவரிடம் முதலிலேயே போகாததற்குக் காரணம் வெறும் கௌரவம். பெண் கொடுத்த வீட்டில் ஓசி வேலை வாங்குகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான். அந்தக் கௌரவத்தின் விலை 6,850 ரூபாய்.

மாமா ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து இயந்திரத்தை அப்படியே தூக்கினார். தன் பாரத்தில் அது விட்டு விட்டு மெதுவாக இறங்கியது. "பிஸ்டன் ரிங் தேயவில்லை மக்களே, அழுத்தம் நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு முற்றத்தில் கிடந்த பலாத் தடியில் என்னையே பன்னிரண்டு நிமிடம் அறுக்கச் சொன்னார். நிறுத்தினேன். இழுத்தேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை. டேங்க் மூடியை மெல்லத் தளர்த்தினார், மூச்சுத்துளை அடைபட்டிருந்தால் அதில் தெரியும் என்றார். அதனாலும் மாற்றம் இல்லை.

சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றினார். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. "ஆவியாகிக் குழாய் அடைத்திருந்தால் இது காய்ந்து கிடக்கும். பெட்ரோல் வருகிறது. அப்படியென்றால் கார்புரேட்டர் மேல் பழி சொல்ல முடியாது" என்றார். இயந்திரத்தைத் திண்ணையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், ஒரு புது பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதியைச் சிலிண்டரில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தார். ஸ்விட்ச் சரியாகத்தான் இருந்தது. பொறி இல்லை. முப்பது நிமிடம் கழித்து அதே பிளக், அதே இழுப்பு. நீலமாக ஒரு பொறி, 'டிக்' என்ற சத்தத்தோடு. காயிலுக்குள்ளே சுற்றியிருக்கிற மெல்லிய செம்புக் கம்பி எங்கோ விட்டிருக்கும், சூட்டில் விலகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"காயில்தான் புதிதாக மாற்றியாகிவிட்டதே மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேல்மூடியைக் கழற்றினார்.

உள்ளே என் கைவேலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) சாக்குக்குப் பக்கத்தில் இயந்திரத்தை வைத்திருந்தபோது, காயிலில் இருந்து பிளக்குக்குப் போகும் வயரை எலி கடித்துவிட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினேன். அது பாதியில் தீர்ந்துபோய், மீதி மூன்று சுற்றைச் சிவப்பு டேப்பால் முடித்தேன். அந்த வயர் காயிலோடு சேர்த்தே வார்த்தது, தனியாகக் கழற்றிப் பூட்ட முடியாது. அந்தச் சிவப்பு மூன்று சுற்றும், தூசியும் பசையும் ஏறி, வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. காயிலைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையில் புதுக் கீறல்கூட இல்லை. 2,650 ரூபாய்க் காயில்! ஸ்கூட்டருக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினேன். அதில் இருந்த காயிலில் டேப்பும் இல்லை, எலிப்பல்லும் இல்லை. ஒரு மூலை உடைந்த, யாருடையதோ ஒன்று. கார்புரேட்டர் புதிதாகத்தான் மாட்டியிருந்தார்கள். கழற்றி எடுத்த என் பழையது எங்கே போனது, பையில் இருந்தது என்னுடையதுதானா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. காயில் விஷயத்தில் முடியும்.

மாமா புதுக் காயில் வாங்கி, இயந்திரத்தின் காந்தச் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்து இடைவெளி பார்த்து முடுக்கினார். 1,900 ரூபாய், கூலி வாங்கவில்லை. பலாத் தடியில் மறுபடியும் அறுத்து நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து இழுத்தேன். சோக் இல்லாமல் முதல் இழுப்பிலேயே ஓடியது.

நேற்று சாயங்காலம் பையும் பழைய காயிலுமாகக் கடைக்குப் போனேன். சிவப்பு டேப்பைக் காட்டினேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. முதலில் "மின் சாமான்களுக்கு வாரண்டி கிடையாது" என்றார். வாரண்டி கேட்கவில்லை, மாட்டாத பொருளுக்கு வாங்கிய பணத்தைக் கேட்கிறேன் என்றேன். "அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்" என்றார். பையன் உள்ளே புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பில் இருக்கிறதா?" என்றார். டைரித் தாளை நீட்டினேன். "இதில் கடைப்பெயர் எங்கே இருக்கிறது?" என்றார். நான் போனில் அனுப்பிய 5,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு. அதையும் நேற்றுதான் கவனித்தேன். கடைசியாகத் தோளில் கைவைத்து, "அடுத்த சர்வீஸில் 500 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் அண்ணே, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். கையைத் தட்டிவிட்டு வந்தேன். 6,850 ரூபாய்க்கு 500 ரூபாய், அதுவும் மறுபடி அவரிடமே போனால்!

செயின்சா வைத்திருப்பவர்களுக்கு விரிவாகப் பத்து யோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். லாரிக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், பாக்கி மரங்கள் நிற்கின்றன. அதனால் அவசரமாகச் சில மட்டும். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தடி இல்லையென்றால் நீங்களே ஒன்றைக் கொண்டுபோங்கள். பத்து நிமிடம் அறுத்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு இழுத்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். கடையில் விடுவதற்கு முன் காயில், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய சாமான் பை கொடுத்தால் அங்கேயே பிரித்துப் பாருங்கள். பில் இல்லாமல் நகராதீர்கள். சூடான இயந்திரத்துக்குச் சோக் போடாதீர்கள், பிளக் பெட்ரோலில் மூழ்கிவிடும். வீட்டில் பிளக் பொறி பார்ப்பவர்கள் பெட்ரோல் சிந்திய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயங்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் டைரித் தாள் மட்டுமே உள்ள நான் அங்கே எவ்வளவு தூரம் போக முடியும் என்று வக்கீல் ஒருவரைக் கேட்கப் போகிறேன்.

பையில் இருந்த அந்த மூலை உடைந்த காயில் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அது யாரோ ஒருவருடைய செயின்சாவில் இருந்து கழற்றியது. உங்களுடையதாக இருந்தால், எந்த மூலை உடைந்தது என்று சொல்லுங்கள். கொடுத்துவிடுகிறேன்.