பொறுத்திருந்த கடை

பாளையங்கோட்டையில் நான் போகும் பழைய புத்தகக் கடைக்கு ஐந்து நட்சத்திரம். 1881-இல் அச்சான கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் அங்கே கிடைத்தது. முதுகுத் தோல் உரிந்திருந்தது, ஓரத்தில் பூச்சித் துளை. கடைக்கார அண்ணாச்சி எதையும் மறைக்காமல் புரட்டிக் காட்டினார். பாதிப் பணம் கொடுத்து, மீதியை மாதக் கடைசியில் தருவதாகச் சொன்னேன்.

அப்பாவை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் நான்கு மாதம் இழுத்துவிட்டது. அண்ணாச்சி ஒரே ஒரு முறைதான் போன் செய்தார், அதுவும் "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க. அந்தச் சமயம் பைண்டிங் செய்பவருக்கு அவரே கடன் பாக்கி வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது, மனசு கஷ்டமாகிவிட்டது. இன்னொருவர் கூடுதல் விலைக்குக் கேட்டும் தரவில்லையாம்.

போனதும், வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு வைத்து, என் பெயர்ச் சீட்டோடு இருந்ததை எடுத்துத் தந்தார். பேசிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கார்டு எடுக்க மாட்டார், ரொக்கம் கொண்டுபோங்கள்.