கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: ஆண்டுகள் போனபின் வெளிப்படும் வடிவமைப்பு

புரை எடுத்து லென்ஸ் வைத்த மறுநாள் பார்வைப் பலகையில் கடைசி வரிவரை படிக்க முடிந்தால், லென்ஸ் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வடிவமைப்பைப் பற்றி அந்த ஒரு நாள் அதிகம் சொல்லாது. ஒழுங்காகத் தயாரித்த எந்த லென்ஸும் முதல் வாரத்தில் தெளிவாகத்தான் இருக்கும். ஐந்து, எட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் கண்ணுக்குள் இருந்ததை ஸ்லிட் லாம்ப் என்ற கண் சோதனை நுண்ணோக்கியில் பார்க்கும்போதுதான் வரைபடத்தில் எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்பது தெரியும். பல பொருள்களையும் பல வடிவங்களையும் அப்படிப் பார்த்துவந்ததில் எங்களுக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. நீண்ட காலத்தில் லென்ஸைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் விளிம்பும், லென்ஸைப் பிடித்துவைக்கும் கைகளான ஹாப்டிக்கும், பொருளுக்குள் இருக்கும் நீரும்தான். ஒளியியல் கணக்கு அவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். லென்ஸின் திறன் வளைவை மட்டும் பொறுத்ததல்ல. பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் சுற்றியிருக்கும் கண்நீர்மத்தின் எண்ணுக்கும் (1.336) உள்ள வித்தியாசத்தையும் பொறுத்தது. பிஎம்எம்ஏ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கின் எண் 1.49, வித்தியாசம் 0.154. இரு பக்கமும் சமமாகக் குவிந்த 20 டயாப்டர் (திறனின் அலகு) லென்ஸுக்கு ஒவ்வொரு பக்கமும் 15.4 மி.மீ. ஆரம் வேண்டும். 1.55 உள்ள ஹைட்ரோபோபிக் (நீரை ஏற்காத) அக்ரிலிக்கில் 21.4 மி.மீ. போதும். 1.43 உள்ள சிலிகானிலோ 9.4 மி.மீ. வரை வளைக்க வேண்டியிருக்கும். ஆப்டிக் (ஒளியைக் குவிக்கும் நடு வட்டு) 6 மி.மீ., விளிம்புத் தடிமன் 0.25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நடுத்தடிமன் முறையே 0.84, 0.67, 1.23 மி.மீ. வரும். 2.2 மி.மீ. வெட்டு வழியாக எந்த லென்ஸை மடித்துச் செலுத்துவது எளிது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி முதல் லென்ஸைப் பொருத்தினார். அது இயற்கை லென்ஸின் வடிவத்தை ஒட்டியே செய்யப்பட்டது. இயற்கை லென்ஸின் முன்பக்க ஆரம் சுமார் 10 மி.மீ., பின்பக்கம் சுமார் 6 மி.மீ. அதே வளைவுகளை 1.49 எண் உள்ள பொருளில் கொண்டுவந்தால் கணக்கில் 41 டயாப்டர் வரும். தேவையோ அதில் பாதிதான். அந்த நோயாளிக்கு 18 டயாப்டர் கிட்டப்பார்வை மிஞ்சியது. ரிட்லி தேர்ந்தெடுத்த பொருள் சரி. அதைக் கண் ஏற்றுக்கொண்டது. பொருள் மாறினால் வடிவம் மாறியாக வேண்டும் என்பதை அந்த முதல் லென்ஸே காட்டிவிட்டது. இன்றும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு மூலப்பொருளை மட்டும் மாற்றப் பார்க்கிற இடங்களில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி விளிம்பு. புரையை எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் இயற்கை லென்ஸைச் சூழ்ந்திருந்த, புது லென்ஸ் உட்காரும் உறையின் ஓரத்தில் எபிதீலியல் செல்கள் (உறையின் உட்பக்கச் செல்கள்) கொஞ்சம் தங்கும். அவை பெருகி, பின் உறை வழியாக நடுவை நோக்கி நகரும். பின் உறையின் தடிமன் சுமார் 4 மைக்ரான்தான். அது லென்ஸின் பின்விளிம்பில் சட்டென்று மடங்கினால் செல்கள் அந்த மடிப்பைத் தாண்டுவதில்லை. விளிம்பு மழுங்கியிருந்தால் தாண்டிவிடும். பிறகு பார்வை மங்கும், மங்கிய உறையைத் திறக்க யாக் லேசர் தேவைப்படும். அதனால் பின்விளிம்பின் முனை ஆரம் 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வரைபடத்தில் சதுர விளிம்பு என்று எழுதியிருப்பது போதாது. லென்ஸைக் கடைந்தபின் கண்ணாடி மணிகளோடு உருட்டிப் பாலிஷ் செய்யும் கட்டத்தில்தான் விளிம்பு பறிபோகிறது. மேற்பரப்பு பளபளப்பாகும் அதே நேரத்தில் முனையும் உருண்டுவிடும். உருட்டும் நேரத்தைச் சில மணி நேரம் கூட்டினாலே வித்தியாசம் வரும். லென்ஸைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், சதுரம் என்று பெயர் வாங்கிய லென்ஸ்களிலும் சிலவற்றின் முனை மழுங்கித் தெரியும். ஒரு வகை லென்ஸில் ஒரு திறனை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடையவும் கூடாது. 10 டயாப்டரும் 28 டயாப்டரும் ஒரே வளைவில் செய்யப்படுவதில்லை. குறைந்த திறன், நடுத் திறன், அதிகத் திறன் மூன்றிலும் விளிம்பைப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஓட்டை ஹாப்டிக் ஆப்டிக்கோடு சேரும் இடம். ஒரே துண்டாகச் செய்த அக்ரிலிக் லென்ஸ்களில் அந்த இணைப்பில் விளிம்பு தொடராமல் விட்டுப்போனால், செல்கள் நுழையும் வாசல் அதுதான். மங்கல் தொடங்கிய கண்களில் ஓரத்தைப் பார்த்தால் பல நேரம் ஹாப்டிக் இருக்கும் திசையிலிருந்தே அது உள்ளே வந்திருப்பது தெரியும். 360 பாகையும் தொடரும் சிறு படி ஒன்றை அங்கே வைத்தால் அடைப்பு முழுமையாகும். ஆனால் அதுவும் அறுவையைப் பொறுத்தது. முன் உறையின் திறப்பு 5 முதல் 5.5 மி.மீ. வட்டமாக இருந்து, 6 மி.மீ. ஆப்டிக்கின் ஓரத்தைச் சுற்றிலும் மூடினால்தான் உறை லென்ஸைப் பின்னுக்கு அழுத்தும். ஒரு பக்கம் திறப்பு ஆப்டிக்கைத் தாண்டிப் போய்விட்டால் அந்தப் பக்கத்தில் கூரான விளிம்பு இருந்தும் பயன் குறைவு.

கூரான விளிம்புக்கு ஒரு விலையும் உண்டு. தட்டையான ஓரப்பரப்பு, அதிலும் ஒளிவிலகல் எண் அதிகமுள்ள பொருளில், பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தை உள்ளுக்குள் பிரதிபலித்து விழித்திரைமேல் வளைவான ஒளிக்கோடாக வீசும். இரவில் எதிர்வரும் விளக்குகளின்போது நோயாளி சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். முன்விளிம்பை உருட்டி, ஓரப்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பின்விளிம்பை மட்டும் கூராக விடுவது நன்றாக வேலை செய்கிறது. நெற்றிப்பொட்டுப் பக்கம் கருநிழல் பிறைபோலத் தெரிகிறது என்பது வேறு குறை. அது பலருக்குச் சில மாதங்களில் தணிந்துவிடும்; அவசரப்பட்டு லென்ஸை மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஹாப்டிக்கின் வேலை லென்ஸைப் பிடித்துவைப்பது மட்டும் என்று நினைத்தால் திறன் கணக்கே தவறிவிடும். காலியான லென்ஸ் உறையின் விட்டம் சுமார் 10 மி.மீ. சொச்சம். லென்ஸின் மொத்த நீளம் வழக்கமாக 13 மி.மீ. அப்படியானால் ஹாப்டிக் எப்போதும் அமுங்கிய நிலையில்தான் வாழ்கிறது. பிறகு உறை சுருங்கும். முதல் சில வாரங்களில்தான் அது வேகமாக நடக்கும். அந்தச் சுருக்கத்துக்கு ஹாப்டிக் வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் ஆப்டிக்கை முன்னும் பின்னும் தள்ளக்கூடாது. சராசரி நீளமுள்ள கண்ணில் லென்ஸ் 1 மி.மீ. முன்னே நகர்ந்தால் கண்ணாடித் திறனில் சுமார் 1.5 டயாப்டர் கிட்டப்பார்வை வரும். குட்டையான கண்ணில் இன்னும் கூடும். லென்ஸின் திறனைக் கணக்கிட உதவும் ஏ கான்ஸ்டன்ட் என்ற எண்ணைப் பெட்டியில் அச்சிட்டபடியே எடுத்துக்கொள்ளாமல், வைத்த லென்ஸ்களின் முடிவுகளைக் கொண்டு திருத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஐஎஸ்ஓ 11979 தரத்தின்படி, உறைக்குள் வைக்கும் லென்ஸை 10 மி.மீ. விட்டத்துக்கு அமுக்கி விசை, சாய்வு, நகர்வு ஆகியவற்றை அளக்கிறார்கள். ஹாப்டிக்கை 2,50,000 முறை அசைத்துப் பார்க்கும் சோர்வுச் சோதனையும் உண்டு. இவை தேவைதான், ஆனால் 10 மி.மீட்டரோடு நிறுத்தாமல் 9.5, 9 வரை அமுக்கிப் பார்ப்பது எங்கள் பரிந்துரை. சுருக்கம் அதிகமான உறையில் மெல்லிய ஹைட்ரோபிலிக் (நீரை ஏற்கும் அக்ரிலிக்) ஹாப்டிக் மடங்கி, ஆப்டிக் ஒரு பக்கம் தூக்கிக்கொள்வதை அந்த அளவில்தான் முன்கூட்டியே காணமுடியும்.

கண்ணின் சிலிண்டர் பிழையையும் திருத்தும் டோரிக் லென்ஸில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். அச்சிலிருந்து 1 பாகை விலகினால் சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போகும். 30 பாகை விலகினால் திருத்தமே இல்லை. திரும்புவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், லென்ஸுக்குப் பின்னால் விஸ்கோ (அறுவையில் கண்ணுக்குள் நிரப்பும் கூழ்) தங்கியிருக்கும்போது. நீளமான கிட்டப்பார்வைக் கண்களில் உறை பெரியது, பிடிப்பு குறைவு. ஹாப்டிக்கின் ஓரத்தைச் சொரசொரப்பாக விடுவது உதவுகிறது. லென்ஸுக்குப் பின்னாலும் விஸ்கோவை முழுதாக உறிஞ்சி எடுப்பது அதைவிட உதவுகிறது.

பொருளுக்கு வருவோம். ஹைட்ரோபோபிக் அக்ரிலிக்கின் பழைய வகைகளில் நீர் அரை சதவீதத்துக்கும் குறைவு. நீர் சேராத பொருள் என்றாலும், கண்ணுக்குள் வெப்பநிலை ஏறி இறங்கும்போது உள்ளே புகுந்த நீர் பாலிமர் வலையின் இடைவெளிகளில் பிரிந்து நுண்குமிழ்களாகத் தேங்கும். ஸ்லிட் லாம்ப்பின் ஒளிக்கீற்றைச் சாய்வாக விட்டால் லென்ஸ் முழுக்கச் சிறு புள்ளிகள் மினுங்கும். குமிழில் உள்ள நீரின் எண் 1.33, சுற்றியுள்ள பொருளின் எண் 1.55; அதனால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. பார்வை எழுத்துக்களில் இதன் பாதிப்பு பெரும்பாலும் தெரியாது. அடர்ந்துவிட்டால் ஒளி சிதறும். நீர்ச்சத்தை 4 சதவீதம் அளவுக்கு உயர்த்திய பிந்தைய பொருள்களில் நீர் பிரிந்து தேங்காமல் பாலிமரோடு கலந்தே இருக்கிறது. புதுப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது 45 பாகை வெப்பத்தில் நீரில் ஊறவைத்து 37 பாகைக்கு இறக்கிப் பார்க்கும் எளிய சோதனையை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

ஹைட்ரோபிலிக் அக்ரிலிக்கில் நீர் 18 முதல் 26 சதவீதம் வரை இருக்கும். மினுங்கல் தொல்லை இல்லை, மடிப்பது எளிது, இன்ஜெக்டரில் கீறல் விழுவது குறைவு. இதன் பலவீனம் சுண்ணாம்புப் படிவு. கால்சியம் பாஸ்பேட் மேற்பரப்பிலோ அதற்குச் சற்று உள்ளேயோ மணல்போலப் படியும். சில காலகட்டங்களில் பேக்கிங்கில் இருந்த சிலிகான் இதற்குத் துணைபோனது. கார்னியா (கருவிழிப் படலம்) மாற்று அறுவையின்போது முன்னறைக்குள் காற்றோ வாயுவோ நிரப்பிய கண்களில் ஆப்டிக்கின் நடுவில் வட்டமாகப் படிவது இன்னொரு வகை. கார்னியா அறுவை பின்னால் வரக்கூடும் என்று தெரிந்த கண்ணுக்கு இந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மங்கலைப் பார்த்தவுடன் பின் உறைதான் மங்கிவிட்டது என்று யாக் லேசர் அடித்துவிடும் தவறும் நடக்கிறது. லென்ஸே மங்கியிருந்தால் லேசரால் பயனில்லை. அதோடு உறை திறந்துவிட்டதால் லென்ஸை மாற்றும் அறுவை கடினமாகிவிடும். பாப்பாவை (கண்மணித் துளையை) நன்றாக விரித்து, மங்கல் லென்ஸின் முன்பரப்பிலா, உள்ளேயா, பின் உறையிலா என்று ஒளிக்கீற்றால் பிரித்துப் பார்த்தபின்பே லேசர்.

சிலிகானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறைக்குள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விழித்திரை அறுவையில் சிலிகான் எண்ணெய் நிரப்ப நேர்ந்தால் எண்ணெய் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் விடாது. நீரிழிவால் விழித்திரை கெட்ட கண்ணுக்கு இது ஏற்றதல்ல.

தயாரிப்பில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஹைட்ரோபோபிக் அக்ரிலிக் அறை வெப்பத்தில் ரப்பர்போல் இருக்கும். அதைக் கடைய வேண்டுமானால் குளிர்வித்து இறுக்கி, வைர முனையால் வெட்ட வேண்டும். குளிர்ச்சி சீராக இல்லாவிட்டால் மேற்பரப்பில் கருவி வரிகள் விழும். ஹைட்ரோபிலிக்கை உலர்ந்த நிலையில் கடைந்து பின்னர் நீரில் ஊறவைக்கிறோம், அது எல்லாத் திசையிலும் வீங்கும். அந்த வீக்க விகிதம் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் 1 சதவீதம் மாறினால் ஆரமும் 1 சதவீதம் மாறும். 20 டயாப்டரில் 0.2 டயாப்டர் அங்கேயே போய்விடும். தரம் அனுமதிப்பது அந்தத் திறனுக்கு ±0.4 டயாப்டர்தான். ஒவ்வொரு மூலப்பொருள் தொகுதிக்கும் வீக்கத்தைத் தனியாக அளந்து கடைசல் நிரலில் ஏற்ற வேண்டும்.

அஸ்பெரிக் (கோளமல்லாத வளைவுள்ள) லென்ஸில் சராசரி கார்னியாவின் கோளப்பிழை (ஓரத்துக் கதிர்கள் வேறிடத்தில் குவிவது), 6 மி.மீ. பாப்பாவில் +0.27 மைக்ரான் அளவு, முழுவதையும் ஈடுகட்டுவது காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் லென்ஸ் 0.4 மி.மீட்டருக்கு மேல் நடுவிலிருந்து விலகினாலோ 7 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ சாதாரண கோள லென்ஸே மேல். உறையைத் தாங்கும் தசைநார் பலவீனமான கண்களுக்குப் பிழையைத் திருத்தாமலும் கூட்டாமலும் விடும் நடுநிலை வடிவம் பாதுகாப்பானது. தூரத்துக்கும் அருகுக்கும் சேர்த்துச் செய்யும் மல்டிஃபோகலிலும் இதே எச்சரிக்கை உண்டு. 1.55 பொருளில் ஒளியைப் பிரிக்கும் வளையப் படியின் உயரம் சுமார் 1.3 மைக்ரான், வெளிச்சம் தூரத்துக்கும் அருகுக்கும் தலா 40.5 சதவீதம் பிரியும், மிச்சம் சிதறும். இங்கே வீணாக்குவதற்கு வெளிச்சம் இல்லை. பின் உறையில் லேசான மங்கல் வந்தாலே இந்த நோயாளிதான் முதலில் குறை சொல்வார்.

லென்ஸைச் செலுத்தும் நேரத்தில் நடக்கும் சேதங்களில் பெரும்பகுதி குளிர்ச்சியாலும் விஸ்கோ போதாமையாலும் வருவது. குளிரூட்டிய அறையில் ஹைட்ரோபோபிக் லென்ஸ் விறைத்திருக்கும். செலுத்தும் குழலான கார்ட்ரிட்ஜில் ஏற்றி அவசரமாகத் தள்ளினால் ஆப்டிக்கில் கீறலோ விரிசலோ விழும். ஏற்றியபின் நீண்ட நேரம் விட்டுவைத்தாலும் ஹாப்டிக் ஆப்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனபின் அது மெல்லப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரியாவிட்டால் கருவியால் நுனியை மட்டும் தொட்டு விடுவிக்கலாம், இழுக்கக்கூடாது.

கடைசியாக, பின் உறை கிழிந்தால் என்ன செய்வது என்பதும் வடிவமைப்புக் கேள்விதான். தடித்த சதுர ஹாப்டிக் உள்ள ஒரு துண்டு அக்ரிலிக் லென்ஸை ஐரிஸுக்குப் (கண்ணின் நிறத்திரைக்குப்) பின்னால் சல்கஸ் என்ற பள்ளத்தில் வைக்கவே கூடாது. அது ஐரிஸின் பின்புறத்தை உரசி நிறமியை உதிர்க்கும். அழற்சி, கண் அழுத்தம், இரத்தக்கசிவு என்று தொடரும். அந்த இடத்துக்கு மெல்லிய ஹாப்டிக்கும் 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும் உள்ள மூன்று துண்டு லென்ஸ் (ஆப்டிக்கும் இரு ஹாப்டிக்குகளும் தனியாகச் செய்து இணைத்தது) வேண்டும். உறைக்குக் கணக்கிட்ட திறனிலிருந்து நடுத்தரக் கண்ணுக்கு 0.5 முதல் 1 டயாப்டர் குறைக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் முன்னே உட்காருகிறது. முன் உறையின் திறப்பு முழுதாக இருந்து ஆப்டிக்கை அதற்குப் பின்னால் செருகிவிட முடிந்தால் குறைக்கத் தேவையில்லை. ஒரு துண்டு லென்ஸ் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு அறுவையிலும், திறன் குறைத்துத் தேர்ந்தெடுத்த மூன்று துண்டு லென்ஸ் ஒன்று பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.